ஒன்றுமில்லை என்று சொல்லும் முன்

“நெஞ்சை அடைக்குது”, “தலை கனக்குது”, “வயிறு பத்தி எரியுது.” பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதற்குமுன் இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்திருப்பார்கள். ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் ஆகியிருக்கும். “ரிப்போர்ட் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை” என்ற பதிலையும் வாங்கியிருப்பார்கள். அந்த “ஒன்றுமில்லை” பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

மனத் துன்பத்தை உடம்பின் மேல் ஏற்றிச் சொல்வது விவரம் தெரியாதவர்களின் வழக்கம் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். நிம்ஹான்ஸ் மருத்துவர் ஆர். ரகுராமும் சகாக்களும் 80 நோயாளிகளிடம் பேசி 1996இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மனச்சோர்வின் அறிகுறிகள் கூடக்கூட, ஊர் என்ன பேசுமோ என்ற கூச்சமும் கூடியிருந்தது. உடல் உபாதைகளை அதிகம் சொன்னவர்களிடம் அந்தக் கூச்சம் குறைவு. தலைவலி யாருக்கும் வரும். மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஆக, அவர்கள் விவரம் தெரிந்துதான் பேசுகிறார்கள். சொல்லவும் வேண்டும், மறைக்கவும் வேண்டும். இரண்டுக்கும் உடம்பு உதவுகிறது.

உளப்பகுப்பாய்வு பிறந்ததே இப்படிப்பட்ட உடம்பொன்றைக் கேட்டதில்தான். 1880களின் தொடக்கத்தில் வியன்னாவில் யோசப் பிராயர் என்ற மருத்துவர் பார்த்த ஒரு பெண்ணுக்குக் கை மரத்துப்போனது. தாய்மொழியான ஜெர்மனும் போய், ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். பேச்சே மருந்தாகும் இந்த வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான், அதுவும் ஆங்கிலத்தில். பிராயரும், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டும் 1895இல் அவள் கதையை நூலில் சேர்த்தார்கள். கேட்பவர் எதையும் முக்கியமென்று முன்கூட்டிப் பொறுக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரேபோலக் காது கொடுக்கவேண்டும் என்று 1912இல் பிராய்டு எழுதினார். பத்து ஆண்டுகளில் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலையில் ஆங்கிலம் என்று வாழும் அல்சூர், ஸ்ரீராமபுரத்துக்காரர்களுக்கு அந்த வியன்னாப் பெண் அந்நியமானவள் அல்ல. “மனசு பாரமா இருக்கு” என்று ஓர் அம்மா சொல்கிறார். நோயேட்டில் அது “டிப்ரஷன்” ஆகிறது. மருந்து எழுத அந்தச் சொல் தேவைதான். ஆனால் பாரம் என்றால் யாரோ ஏற்றியது, எங்கோ இறக்கவேண்டியது. யார் ஏற்றினார்கள், எத்தனை நாளாய்ச் சுமக்கிறார் என்பதற்கு நோயேட்டில் இடமில்லை. உளப்பகுப்பாய்வாளர் அந்தப் பாரத்தை உடனே வேறு சொல்லாக்காமல், அதன் பக்கத்தில் காத்திருக்கிறார். அவருடைய பயிற்சியில் பாதி இந்தப் பொறுமைதான்.

இப்படிப் பக்கத்தில் இருக்கும் ஆதரவு மருத்துவமனைக்கு வெளியிலும் கிடைக்கலாம். தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய மனநோயாளிகள் 31 பேரைக் கவனித்து, இதே ரகுராமும் சகாக்களும் 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமலே அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மிரட்டாத, ஆதரவான சூழலே காரணம் என்றது ஆய்வு. இதைப் படித்துக் கோயிலே போதும் என்று யாரும் கிளம்பவேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6இல், ஏர்வாடி தர்காவை அடுத்த மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். ஓரிடத்தில் ஆதரவு இருந்தது. இன்னோரிடத்தில் சங்கிலி இருந்தது. கோயிலா தர்காவா ஆஸ்பத்திரியா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

வாசகரிடம் நாம் கேட்பது சிறிய காரியம். நெஞ்சை அடைக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் முதலில் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், இதயத்தில் கோளாறில்லை என்பது மட்டுமே அதன் பொருள். அன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்காருங்கள். புத்தி சொல்லாதீர்கள், உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேலும் துணை வேண்டுமென்றால், அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.