டேட்டா சென்டருக்கு கரண்ட்... பில் யாருக்கு? நன்னிலத்திலிருந்து ஒரு கேள்வி

குறுவைக்கு நாற்று விடும் ஜூன் மாதத்தில் நன்னிலம் பக்கம் போனால் இரண்டு கேள்விகள்தான் காதில் விழும். மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சா? மும்முனை கரண்ட் ஒழுங்கா வருதா? ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை நாற்றங்காலைக் காப்பாற்றுவது பம்பு செட்தான்.

அந்த மோட்டாருக்கும் சென்னை சிறுசேரி, அம்பத்தூரில் எழுந்து நிற்கும் டேட்டா சென்டர்களுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் கரண்ட் வருவது ஒரே மின்தொகுப்பிலிருந்து. அந்தத் தொகுப்பின் செலவையும் எல்லோரும் சேர்ந்துதான் சுமக்கிறோம்.

எவ்வளவு கரண்ட் தேவை?

100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று முழு அளவில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் சுமார் 3.6 லட்சம் வீடுகளின் தேவை அது. டெல்டா கணக்கில் சொன்னால், 5 எச்.பி. மோட்டார்கள் 27 ஆயிரம் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். மோட்டாரையாவது நிறுத்தலாம். சர்வர் ராத்திரி பகல் ஓடும்.

தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இப்போதைக்கு டேட்டா சென்டர்கள் இதில் சிறு பங்குதான். ஆனால் ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்த திட்டம் ஒன்றே 1,000 மெகாவாட் அளவிலானது. போட்டி எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

துணை மின்நிலையத்திலிருந்து தன் வாசல் வரை வரும் கம்பிக்கான செலவை நிறுவனம் கொடுத்துவிடும். அதற்கு மேலே இருக்கும் பெரிய கோபுரங்கள், 400 கிலோவோல்ட் பாதைகள், பெரிய டிரான்ஸ்பார்மர்கள் ஆகியவற்றின் செலவு பொதுக்கணக்கில் சேர்ந்து, கட்டணமாக எல்லோர் மீதும் பிரிந்து விழுகிறது.

கட்டிய பிறகு 300 மெகாவாட் கேட்டவர் 100 மட்டும் எடுத்தால்? அல்லது ஐந்து வருஷத்தில் வேறு மாநிலம் போய்விட்டால்? பாதை இங்கேயே நிற்கும். அதற்கான கடனும் இங்கேயே நிற்கும். மின்வாரியத்தின் கடன் ஏற்கெனவே ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

மறுபக்கமும் உண்டு. வாரியத்திடமே கரண்ட் வாங்கினால், நிலையாக, நல்ல விலை கொடுத்து வாங்கும் வாடிக்கையாளர் டேட்டா சென்டர். விவசாய இலவச மின்சாரத்தைத் தாங்கிப் பிடிப்பதில் இப்படிப்பட்ட பெரிய நுகர்வோரின் பணத்துக்கும் பங்கு உண்டு. எனவே ‘வரவே கூடாது’ என்பது நம் வாதமல்ல. எந்த நிபந்தனையில் வருகிறார்கள் என்பதே கேள்வி.

இங்கே விதி என்ன?

2021-ல் தமிழ்நாடு அரசு தனி டேட்டா சென்டர் கொள்கை வெளியிட்டது. மின்வரியில் சலுகை உட்பட பல ஊக்கங்கள் அதில் உண்டு. கட்டணத்தை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உயர் மின்னழுத்த இணைப்புக்கு, ஒப்பந்த அளவில் குறைந்தது 90 சதவீதத்துக்கு டிமாண்ட் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒப்பந்தத்தையே குறைத்துக்கொண்டு கிளம்புபவரை அது மட்டும் தடுத்துவிடாது.

உங்கள் வீட்டுக் கட்டணமோ 2022 உத்தரவின்படி விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏறக்கூடியது. 2025 ஜூலையில் ஏறிய 3.16 சதவீதத்தை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டது. அதுவும் நம் வரிப்பணம்தானே?

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆணையம் 2025 ஜூலையில் கறாராக ஒரு முடிவெடுத்தது. பெரிய டேட்டா சென்டர்கள் கேட்ட அளவில் 85 சதவீதத்துக்காவது 12 ஆண்டு வரை பணம் கட்ட வேண்டும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். அதே ஆண்டு டெக்சாஸ், நெருக்கடி நேரத்தில் பெரிய நுகர்வோரின் மின்சாரத்தைக் குறைக்கச் சட்டம் போட்டது. அயர்லாந்து கொஞ்சம் தாமதமாக விழித்தது. 2023-ல் அந்நாட்டு மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது.

நாம் என்ன கேட்கலாம்?

2003 மின்சாரச் சட்டத்தின் 62(3) பிரிவு, பயன்பாட்டின் அளவு, நோக்கம், நேரத்தைப் பொறுத்து வேறுபட்ட கட்டணம் வைக்க இடம் தருகிறது. புதுச் சட்டம் தேவையில்லை. ஆணையம் மூன்று விஷயங்களைச் செய்யலாம். குறிப்பிட்ட மெகாவாட்டுக்கு மேல் டேட்டா சென்டர்களைத் தனிப் பிரிவாக்கி, நீண்டகாலக் கட்டண உத்தரவாதம் வாங்கலாம். பற்றாக்குறை நேரத்தில் முதலில் குறைக்கப்படுவது யாருடைய கரண்ட் என்று எழுத்தில் சொல்லலாம். எந்த நிறுவனம் எவ்வளவு கேட்டிருக்கிறது என்பதைப் பொதுவெளியில் வைக்கலாம்.

2022 கட்டண உயர்வுக்கான கருத்துக்கேட்பு கோவை, மதுரை, சென்னையில் நடந்தது. டெல்டாவில் நடக்கவில்லை. அடுத்த கூட்டம் திருவாரூரிலும் நடக்கட்டும். நன்னிலத்து விவசாயி அங்கே கேட்கப்போவது எளிமையான கேள்விதான்: “சர்வருக்குப் போட்ட லைனுக்கு நான் ஏன் சார் காசு கட்டணும்?” அதற்கான பதில் கூட்டத்துக்கு முன்பே உத்தரவில் இருக்க வேண்டும்.