திருடனை மட்டும் திட்டி என்ன பயன்?

2009 ஜூனில் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்கள் திருடுபோயின. அவற்றில் சில, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாய்த் தீவுகளில் சேகரித்தவை. எதுக்காம்? தூண்டில் முள்ளில் இறகு சுற்றி, விக்டோரியா காலத்துச் செய்முறைப்படி சால்மன் ‘ஃப்ளை’ கட்ட!

ட்ரவுட் பிடிக்கச் சேவலின் கழுத்து இறகே போதும். சால்மனுக்கும் சாயம் போட்ட கோழி இறகு போதும். சொர்க்கப்பறவையா என்று பார்த்தா அது கடிக்கப்போகிறது? அந்த அலங்கார ஃப்ளைகளில் பல தண்ணீரையே பார்ப்பதில்லை, கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடுகின்றன.

திருடியவர் மாட்டினார். வாங்கியவர்கள்? ‘இது எங்கேர்ந்து வந்துச்சு?’ன்னு எத்தனை பேர் கேட்டாங்க? பல தோல்களிலிருந்து பிய்த்தெறியப்பட்ட சீட்டுகளில்தான் பறவையின் ஊரும் தேதியும் இருந்தன. அவை இல்லாமல் அறிவியலுக்கு அந்தத் தோலால் பெரிய பயனில்லை. இது கலை என்பவர்களே, அடுத்த முறை விலையைக் கேட்கும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.