ஒரு நிமிஷ நாடிப் பரீட்சை

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிட்டும் பாதரக்ஷை தைத்தும் ஜீவிப்பவர்களுக்குக் கைகளே மூலதனம். பாரிசவாதம் கண்டு ஒரு கை விழுந்துவிட்டால், அக்குடும்பத்தின் மூலதனம் ஒரே நாளில் அழிந்ததாகும். இவ்வாபத்து இரத்தக் கொதிப்பினால் வருமென்பதைப் பலர் அறிவர். இருதயத்தின் தாளம் தவறுவதாலும் வருமென்பதை அறிந்தோர் சிலரே. அவ்விஷயத்தையே இன்று நமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வைத்தியர்கள் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றழைக்கும் இந்நோயில், இருதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்கி விரியாமல், நிமிஷத்துக்கு 300 தடவைக்கு மேல் வெறுமனே நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்தால் பாரிசவாதம் உண்டாகிறது. இந்நடுக்கம் உள்ளவர்க்கு அவ்வபாயம் மற்றவரைவிடச் சுமார் 5 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிலருக்குப் படபடப்பும் இளைப்பும் தோன்றும். பலருக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. ஆயினும் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் கவனித்தால், தாளம் கெட்டு ஓடும் நாடி சந்தேகத்தை எழுப்பிவிடும். பிறகு இ.சி.ஜி. படம் எடுத்து உண்மையை நிச்சயிக்கலாம். நடுக்கம் விட்டு விட்டு வருவதும் உண்டாகையால், ஒரு தடவை பார்த்ததோடு நின்றுவிடலாகாது.

நமது நாட்டில் இந்நோய்க்கு வேர்கள் இரண்டு. ஒன்று பழையது. சிறு பிராயத்தில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாத ஜுரம் இருதய வால்வைக் கெடுத்து, வாலிபத்திலேயே நடுக்கத்தைக் கொண்டுவருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் 2001-2002ல் ஜில்லாவின் கிராமப் பள்ளிச் சிறுவர் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரீட்சித்தபோது, இவ்வால்வு வியாதி ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்பட்டது. இது சந்தோஷமான செய்தி. ஆனால் இரண்டாவது வேர் இப்போது பலமாக ஊன்றி வருகிறது. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, பருத்த சரீரம், மது, புகை, குறட்டையோடு மூச்சுத் தடைபடும் நித்திரை ஆகியவை வயதோடு சேர்ந்து மேலறைகளைக் கெடுக்கின்றன.

பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா என்று கேட்பவர்க்கு ஆஸ்திரேலியா நாட்டின் பரீட்சைகள் விடை தருகின்றன. குடிப்பழக்கமுள்ள 140 நோயாளிகளை வைத்து நடத்திய பரீட்சை 2020ல் வெளியாயிற்று. ஆறு மாதத்தில், வழக்கம்போல் குடித்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்கு நோய் திரும்பிற்று. நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 பேருக்கே திரும்பிற்று. பருத்த உடலினர் எடையில் பத்திலொரு பங்கைக் குறைத்துக் காத்துக்கொண்டால் நடுக்கம் பெரிதும் தணிகிறதென்று 2015ல் அடிலெய்டு வைத்தியர்கள் காட்டினார்கள். அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில் 1939லேயே மதுவிலக்கு அமுலாயிற்று. அதே மண்ணில் 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடை நடத்தி வருவதை எண்ணும்போது, தொழிலாளியை மட்டும் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நாள் முழுதும் நின்று உழைப்பவனுக்கு ஓய்வும் உறக்கமும் கிடைக்காவிடில் உபதேசம் எப்படிப் பலிக்கும்?

இனி வரும் சிகிச்சைகளைப் பார்ப்போம். நடுக்கத்தைத் தூண்டும் மின்சாரப் பொறி பெரும்பாலும் நுரையீரல் இரத்தக் குழாய்களின் வாயில் பிறக்கிறதென்று 1998ல் பிரான்ஸின் போர்தோ நகர வைத்தியர்கள் கண்டார்கள். அதுமுதல், தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அவ்விடங்களைச் சுட்டு அடக்கும் முறை பரவியது. சுடுவதற்குப் பதிலாகக் கண நேர மின்சாரத் துடிப்பால் அணுக்களை அடக்கும் புது முறையை அமெரிக்கச் சர்க்கார் 2023 கடைசியில் அங்கீகரித்தது. கைக்கடிகாரமே நாடியைக் கவனித்து எச்சரிக்கிறது. இவற்றை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் புதியதெல்லாம் எல்லோருக்கும் உயர்ந்ததல்ல. வாத ஜுரத்தால் வால்வு கெட்டவர்கள் சுமார் 4,500 பேரை வைத்து, டில்லி வைத்தியர் ஒருவர் முன்னின்று பல தேசங்களில் நடத்திய பரீட்சையின் முடிவு 2022ல் வந்தது. இரத்தம் உறையாமல் தடுக்க, புதிய மாத்திரையைவிட வார்ஃபரின் முதலிய பழைய மாத்திரைகளே உயிரைக் காத்தன. அம்மாத்திரை உண்பவர் அடிக்கடி இரத்தத்தைப் பரீட்சித்து அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதற்காக ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் போய் வருவதென்றால், ஒரு நாள் கூலி போயிற்று. கூலி போகிறதே என்று பரீட்சையைத் தள்ளிப் போட்டவனுக்கே கட்டியோ இரத்தப் போக்கோ நேர்கிறது.

ஆகவே நமது யோசனை இது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று 2021ல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் தேடி வீடுவீடாகச் சென்றது. அத்தகைய ஊழியர்கள் கொதிப்பை அளக்கும்போதே ஒரு நிமிஷம் நாடியையும் பார்க்கட்டும். தொழிற்சாலைகளிலும் இ.எஸ்.ஐ. வைத்தியசாலைகளிலும் இது நியமமாகட்டும். வார்ஃபரின் உண்பவர்க்கு அந்தந்த ஊரிலேயே இரத்தப் பரீட்சை நடக்கட்டும். பிள்ளைகளின் தொண்டைப் புண்ணை அலட்சியம் செய்யாது உடனே வைத்தியம் செய்யட்டும். தொழிற்சங்கத்தார் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சார சிகிச்சை வரும்போது வரட்டும். விரல் வைத்து நாடி பார்ப்பதற்கு நாம் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.