சிறிய நாட்டின் கேடயம்



நம் ஈரோடு மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் சிங்கப்பூர். எண்ணெய் வளம் கிடையாது. குடிநீருக்குக்கூட அண்டை நாடான மலேசியாவைச் சார்ந்திருக்க வேண்டிய நிலையில் பிறந்த நாடு அது. ஆனாலும் 2018 ஜூன் 12 அன்று அமெரிக்க அதிபர் டிரம்பும் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் முதன்முறையாகச் சந்தித்தது அந்த மண்ணில்தான். பகைவர் இருவரும் நம்பி வந்து அமரக்கூடிய இடமாக அது எப்படி மாறியது?

இந்தக் கேள்வி தமிழராகிய நமக்கு மிக நெருக்கமானது. 1965-இல் அந்நாடு தனி நாடானபோது அதன் முதல் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்ற எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். 1967-இல் ஆசியான் அமைப்பைத் தொடங்கிய ஐந்து வெளியுறவுத் தலைவர்களில் அவரும் ஒருவர். அவருக்குப் பின் தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், 2015 முதல் விவியன் பாலகிருஷ்ணன் என, இதுவரை அப்பதவி வகித்த எழுவரில் ஐவர் தமிழ் வேர் கொண்டவர்கள்.

இவர்கள் கடைப்பிடித்த வழி என்ன? இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். 1979-இல் வியட்நாம் படைகள் கம்போடியாவைக் கைப்பற்றின. ஒரு நாட்டை இன்னொரு நாடு படைபலத்தால் பிடிக்கக் கூடாது என்று சிங்கப்பூர் ஐ.நா. சபையில் உரக்கக் குரல் கொடுத்தது. அமெரிக்காவும் அதே பக்கம் நின்றது. ஆனால் 1983-இல் அதே அமெரிக்கா, கிரெனடா என்னும் குட்டித் தீவு நாட்டுக்குள் படையுடன் நுழைந்தது. அப்போது சிங்கப்பூர் என்ன செய்தது? நண்பன்தானே என்று வாய் மூடி இருக்கவில்லை. அச்செயலைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோதும் அதே அளவுகோலைத்தான் பயன்படுத்தியது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. வியட்நாம் வீழ்த்தியது, இலட்சக்கணக்கான மக்களைக் கொன்றொழித்த போல் பாட்டின் ஆட்சியை. அந்த ஆட்சியாளர்களே ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கையில் தொடர்வதற்குச் சிங்கப்பூரின் நிலைப்பாடு துணைபோனது. இந்தியாவோ 1980-இல் கம்போடியாவின் புதிய அரசை அங்கீகரித்தது. சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, சிந்தப்பட்ட இரத்தத்தைப் பாராமல் இருந்துவிட முடியுமா? மனசாட்சி உள்ள எவரும் இதை எளிதில் கடந்துவிட முடியாது.

ஆயினும் அடிப்படை உண்மை மாறவில்லை. கீழ்பவானி வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மதகுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். முறை தவறினாலும் தலைமடைக்காரருக்கு நீர் கிடைத்துவிடும். காய்வது கடைமடைக்காரரின் வயல்தான். உலக அரங்கில் சிறிய நாடுகள் எல்லாம் கடைமடையில் இருப்பவை. சட்டம் ஒன்றே அவற்றின் கேடயம். அதனால்தான் 1992-இல் சிங்கப்பூர் முன்னின்று தொடங்கிய சிறிய நாடுகள் மன்றத்தில் இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன.

அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத வத்திக்கானும் இதற்குச் சான்று. 1978-இல் அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்பில் நின்றபோது, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கர்தினால் சமோரேவைத் தூதராக அனுப்பினார். போர் தவிர்க்கப்பட்டது. 1984-இல் இரு நாடுகளும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன. படை இல்லாதவரின் சொல் எடுபட்டது ஏன்? அவர் எவர் நிலத்துக்கும் ஆசைப்படவில்லை என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன.

விவிலியத்தில் நாபோத்தின் கதை நமக்குத் தெரியும். அரசன் ஆகாபு அவனது திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். பொய்ச் சாட்சிகள் எழுந்தனர். ஊர்ப் பெரியவர்கள் உடன்பட்டனர். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டான். அரசனின் முகத்துக்கு நேரே நின்று கேட்கத் துணிந்தவர் எலியா ஒருவரே.

அன்பார்ந்தவர்களே, இந்நாட்டில் நாமும் எண்ணிக்கையில் சிறியவர்கள். நமக்கும் சட்டமே கேடயம். நமக்கு அநீதி நேரும்போது சட்டத்தைச் சுட்டிக்காட்டுகிறோம், அது சரியே. ஆனால் நம் உறவினர், நம் சாதிக்காரர், நம் பங்கைச் சேர்ந்தவர் ஓர் ஏழைக் குடும்பத்தின் வழித்தடத்தை வேலி போட்டு அடைத்தால், அப்போதும் அதே குரலில் பேசுகிறோமா? பகைவனின் தவறைக் கண்டிப்பது எளிது. நண்பனின் தவறையும் அதே கோலால் அளக்கிறவரின் சொல்லுக்கே மதிப்பு உண்டு. சிந்திப்போம்.