கற்சுவருக்கு உடுத்திய துணியும் குளிரில் நடுங்கும் அண்டை வீடும்



கடந்த மார்கழியில் நம் மதரஸாவின் திண்ணைக்கு மூன்று மூட்டைகள் வந்து சேர்ந்தன. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவை. வீட்டுக்கு வெள்ளையடித்ததில் பழைய ஸ்கிரீன் துணிகள் மிஞ்சின, ஏற்காட்டில் குளிரில் வாடுவோருக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுங்கள் என்ற தகவலும் உடன் வந்தது. பிரித்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் அடுப்படிப் பிசுக்கு ஏறியவை. சில வெயிலில் இற்று, தொட்டாலே கிழிந்தன. துருப்பிடித்த வளையங்கள்கூடக் கழற்றப்படவில்லை.

நல்லவற்றைத் தேடி எடுத்துக்கொண்டு காப்பித் தோட்டத்து லைன் வீடுகளுக்குச் சென்றோம். மூதாட்டி ஒருவர் ஒரு துணியை வாங்கி விரித்து, திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சன்னலுக்குக் கட்டறதுங்களா, போத்திக்கிறதுங்களா?" என்று பணிவாகக் கேட்டார். நமக்கு விடை வரவில்லை.

திரைச்சீலையைக் கொடுப்பதே இழிவு என்று நாம் சொல்லவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் தொங்கவிட்ட துணியை நபி (ஸல்) அவர்கள் இழுத்துக் கிழித்ததும், கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்னும் கருத்தில் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. பின்பு அன்னையவர்கள் அதே துணியை வெட்டி, பேரீச்ச நாரை உள்ளே அடைத்து, இரண்டு தலையணைகள் ஆக்கினார்கள். அதை நபியவர்கள் குறை கூறவில்லை. திரைச்சீலைக்கு மறுவாழ்வு உண்டு. ஆனால் வெட்டித் தைக்கும் உழைப்பை அவர்களே செய்தார்கள். பிறர் தலையில் கட்டவில்லை.

நம்மவர் செய்வது வேறு. அலமாரியைக் காலி செய்வதற்கு ஸதகா என்று பெயர் சூட்டுகிறோம். நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டே அன்றி வாங்க மாட்டோம் என்னும் தரத்துப் பொருளைத் தேடி எடுத்துச் செலவிட வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. இதை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்! 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் உடுத்த முடியாத பழந்துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததை நாடே பார்த்தது. அனைத்தையும் இழந்து நின்ற மீனவ மக்களும் அவற்றைத் தொடவில்லை. அவர்களுக்கும் மானம் உண்டல்லவா?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் கதவிடுக்கு வழியே வீட்டுக்குள் வரும். கனத்த திரைச்சீலை அந்தக் காற்றை அடைக்கும். அதற்கு அது வாசலின் அளவுக்கு வெட்டப்பட்டு, கயிறும் ஆணியுமாக வந்து சேர வேண்டும். போர்வையாக வேண்டுமெனில் ஒற்றை மடிப்பு பயன்தராது. இரண்டு துணிகளுக்கு இடையே பழைய பருத்திச் சேலையை வைத்துத் தைத்தால் உள்ளே தங்கும் காற்று வெதுவெதுப்பைக் காக்கும். விறகடுப்பு எரியும் வீட்டுக்குப் பாலியஸ்டர் துணியைத் தரவே கூடாது. பொறி பட்டால் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். மூட்டை கட்டும்போது இதை எத்தனை பேர் நினைத்தார்கள்?

"நம் சமுதாயத்து ஏழைகளுக்கு மட்டும் கொடுங்கள்" என்று ஒருவர் தனியாகச் சொல்லியனுப்பியிருந்தார். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று இருமுறை கேட்டார்கள். சேர்வராயன் மலையில் நம் அண்டை வீட்டார் மலையாளிப் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளர்களும்தாம். குளிர் அவர்களிடம் கலிமா கேட்டுவிட்டு வருவதில்லை.

புதிய ஸ்கிரீனுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடும் வீடு, அத்துடன் ஒரு கம்பளியின் விலையையும் சேர்த்து எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த ஆண்டு மூட்டைகளைக் கொண்டு வருபவர் முன்னிலையிலேயே திண்ணையில் வைத்துப் பிரிப்போம். துவைத்து, வளையம் கழற்றி, தைத்து வந்ததை அன்றைக்கே லைன் வீடுகளுக்குக் கொண்டுசெல்வோம். மற்றவை வந்த வண்டியிலேயே சேலத்துக்குத் திரும்பும். கொடுக்கும்போது எவரும் கைப்பேசியில் படம் எடுக்கவும் அனுமதியில்லை.