அது மொத்தப் பணம் இல்லை, இருபத்தைந்து வருடச் சம்பளம்

வெளிநாட்டில் இருபது, இருபத்தைந்து வருடம் உழைத்துவிட்டு ஊரோடு வந்துவிடுகிறவரிடம் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இனிமே போகலையா?" இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள்: எவ்வளவு கொண்டுவந்திருக்கிறார்? மூன்றாவதாக வருவது கேள்வி இல்லை, யோசனை: "மனையில போடுங்கண்ணே, மண்ணுல போட்டது வீண் போகாது." இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன். மனம் நோகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வெளிநாட்டில் வேலை பார்த்தவன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிளைகளில் கழிந்தது. அந்த ஊர்களில் துபாய், சவூதி, குவைத், மலேசியா என்று ஆள் போகாத குடும்பம் குறைவு. அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் கிளைகள் டெபாசிட் இலக்கை எட்டின. ஆகவே இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எனக்கு மாதக் கடைசியில் பென்ஷன் வந்துவிடுகிறது. நான் இருக்கும்வரை வரும், எனக்குப் பிறகு என் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவருக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே பெரும்பாலும் கொடுப்பது பணிக்கொடை மட்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக் கணக்கைப் பாருங்கள்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் வருடத்துக்கு 30 நாள். இருபத்தைந்து வருடம் உழைத்தால் 705 நாள், அதாவது இரண்டு வருடச் சம்பளம்கூட முழுதாக இல்லை. அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். மிச்சமெல்லாம் அவர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அறுபது வயதில் ஒருவர் 60 லட்சத்தோடு வருகிறார் என்று வையுங்கள். எண்பத்தைந்து வயதுவரை இருந்தால் 300 மாதம். 60 லட்சத்தை 300-ஆல் வகுத்தால் மாதம் 20,000 ரூபாய். வட்டி வருமே என்பீர்கள். வரும், விலைவாசியும் ஏறும். வட்டியில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து மாதம் இருபதாயிரம். இதில்தான் மளிகை, மருந்து, கரண்டு, கல்யாண மொய் எல்லாம். இவரைப் பார்த்துத்தான் ஊர் "நல்ல வசதி" என்கிறது.

இவர் 35 லட்சத்தில் மாடி வீடு கட்டினால் மீதி 25 லட்சம். மாதத்துக்கு 8,333 ரூபாய். கிரானைட் தரையில் உட்கார்ந்துகொண்டு மருந்துக் கடையில் கடன் சொல்லும் நிலை இப்படித்தான் வருகிறது. நான் கண்ணால் பார்த்த வீடுகள் உண்டு.

"சொந்த வீடு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். இருக்கிற வீட்டைச் செப்பனிட்டு, குளியலறையில் கைப்பிடி வைத்து, இரண்டு பேருக்கு அளவாக இருந்தால் போதும். பிள்ளைகள் சென்னையிலும் கனடாவிலும் இருக்கும்போது நான்கு படுக்கையறை யாருக்கு? "நிலம் விலை ஏறும்" என்பார்கள். ஏறலாம். ஆனால் நெஞ்சுவலி வந்த இரவில் மனையை உடைத்து அரை செண்ட் மட்டும் விற்க முடியாது. முதுமைக்குத் தேவை விலை ஏறும் சொத்து இல்லை. கேட்டபோது கைக்கு வரும் காசு.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. "உன்கிட்டதான் சும்மா கிடக்குதே" என்று கைமாற்றுக் கேட்பது, பிறர் பென்ஷன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவதற்குச் சமம். என் பென்ஷனை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது மாதாமாதம் வருகிறது. அவருடையது ஒரே நாளில் வந்துவிட்டது என்பதற்காக அது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடாது.

எங்கள் துறையையும் நான் விடுவதாக இல்லை. திரும்பி வந்தவரிடம் "என்.ஆர்.இ. கணக்கு அப்படியே இருக்கட்டும் சார், யார் கேட்கப் போறாங்க" என்று சொல்லும் வங்கிக்காரர்கள் உண்டு. டெபாசிட் கலைந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு. ஆனால் நிரந்தரமாகத் தங்குவதற்கென்று வந்துவிட்டால், வங்கிக்குச் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்பதுதான் சட்டம். என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை வெளிநாட்டில் வசிக்கும்வரைதான். மறைத்து வைத்தால் பின்னால் வரியும் அபராதமும் கட்டப் போவது அந்த வங்கிக்காரர் இல்லை.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்ல மாட்டார்கள். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வுவரை தொடரலாம். அதன்பின் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கில் டாலராகவோ பவுண்டாகவோ வைத்துக்கொள்ளலாம். பல வருடம் வெளியே இருந்தவருக்கு, வந்த பிறகு இரண்டு மூன்று வருடம்வரை 'வழக்கமாக வசிக்காதவர்' என்ற வரி நிலை கிடைக்கக்கூடும்; அதுவரை இந்த இரண்டிலும் வட்டிக்கு வரி இல்லை. இதையெல்லாம் ஒரு கணக்காயரிடம் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். சும்மா கிடைக்கும் யோசனைக்குத்தான் விலை அதிகம்.

இதற்குப் பதிலாக மேஜைக்கு வருவது காப்பீட்டுத் திட்டம். அறுபது வயதுக்காரரிடம் வருடா வருடம் லட்சக்கணக்கில் பிரீமியம் கட்டும் பாலிசியை, "இதுவும் டெபாசிட் மாதிரிதான்" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படி யாராவது மாட்டியிருந்தால், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. வீட்டில் பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள்.

அப்படியானால் பணத்தை என்னதான் செய்வது? முதல் ஒரு வருடம், நிலமும் வாங்க வேண்டாம், வீடும் கட்ட வேண்டாம், யாருக்கும் கடனும் கொடுக்க வேண்டாம். வைப்புக் கணக்குகளில் பிரித்து வைத்துவிட்டு, மாதம் எவ்வளவு செலவாகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. அதையும் மனதில் வைத்துப் பிரியுங்கள். அறுபது முடிந்து, உள்நாட்டவராகவும் ஆகிவிட்டால், தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அதற்கு வரி உண்டு, ஆனால் அதுதான் உங்கள் பென்ஷன். மருத்துவக் காப்பீட்டைத் திரும்புவதற்கு முன்பே இங்கே எடுத்துவிடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் போல ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். வந்து, படுத்தபின் எடுத்துப் பயனில்லை.

கடைசியாக, திரும்பி வந்த நண்பர்களுக்கே ஒன்று. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஊரிடம் மறையுங்கள், மனைவியிடம் மறைக்காதீர்கள். நீங்கள் அங்கே இருந்த காலம் முழுக்க இங்கே குடும்பம் நடத்தியவர் அவர். எந்தக் கணக்கு, எந்த வங்கி, எப்போது முதிர்வு என்று அவருக்குத் தெரிய வேண்டும். முன்னூறு மாதத்தில் கடைசி நூறு மாதம் அவர் தனியாக இருக்க நேரலாம். அந்த நூறு மாதத்துச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் ஊர் இன்று செங்கல்லாக்கச் சொல்கிறது.