காகித வட்டமும் கிண்டி மானும்



மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஏர் ரைபிள் பழக ஆசைப்படுகிறாளாம். "பெண் குழந்தை கையில் துப்பாக்கியா? யாரைச் சுடப் போகிறாள்?" என்று பாட்டி மறுக்கிறாராம். கடிதத்தின் கடைசியில் அம்மாவே தன் மனத்தையும் திறந்து காட்டியிருக்கிறார்: "துப்பாக்கி என்றாலே எனக்கு வேட்டைதான் நினைவுக்கு வருகிறது. மானைக் கொல்லப் பிறந்த கலையை என் பெண் ஏன் கற்க வேண்டும்?"

நேர்மையான கேள்வி. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கே தருகிறேன்.

இந்தக் கலை வேட்டையோடு வளர்ந்தது என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் பருவம் தொடங்கப் பல வாரங்களுக்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். அப்போது பலர் கையில் எடுப்பது பாயின்ட் டூ டூ என்கிற சின்ன ரைபிளை. அதன் தோட்டாவிலிருந்து பாயும் ஈயம் இரண்டரை கிராம் சொச்சம்தான். மானுக்கென்று வைத்திருக்கும் பெரிய ரைபிளின் குண்டு பத்து கிராம் அளவில் இருக்கும். அதன் ஆற்றலோ இருபது மடங்குக்குக் குறையாது. அது தோளில் உதைக்கும், காதைப் பிளக்கும். நாலு முறை உதை வாங்கிய உடம்பு ஐந்தாம் முறை விசையை அழுத்தும் முன்பே சுருங்கிக்கொள்ளும். கண் தானாக மூடும், தோள் முன்னே தள்ளும், குண்டு குறி தவறிப் போகும். சுட்டவருக்கோ தன்னிடம் என்ன பிழை என்றே தெரியாது. எல்லாம் அந்தச் சத்தத்தில் மறைந்துவிடும்.

சின்ன ரைபிளில் உதை இல்லை என்றே சொல்லலாம். அதனால் பிழை மூச்சிலா, விரலிலா, நிற்கும் நிலையிலா என்பது பட்டென்று தெரிந்துவிடும். தோட்டாவும் மலிவு, ஒரு நாளில் நூறு முறை சுட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூரில் பாட்டு கற்ற எவருக்கும் இது விளங்கும். ராக ஆலாபனைக்குப் போகும் முன் சரளி வரிசையை எத்தனை நாள் பாட வைத்தார்கள்!

அதே வேட்டைக்காரர்கள் இந்தச் சின்ன ரைபிளால் மானைச் சுடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். சின்னக் குண்டு பட்ட மான் உடனே விழாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் நெடுநேரம் துடித்துச் சாகும். அதனால் பல நாடுகளில் சட்டமே அதைத் தடுத்திருக்கிறது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் சுடும் தேர்வில் தேறாதவர் இப்படிப்பட்ட பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. எனக்கு வேட்டையில் துளியும் விருப்பம் இல்லை. ஆனாலும் கை நிச்சயப்படாமல் ஓர் உயிரை நோக்கிக் குறி வைக்கக் கூடாது என்ற அந்த நெறியை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த நெறி நமக்கும் புதிதில்லை. தசரதன் கதையை நம் சபாக்களில் எத்தனை உபந்யாசங்களில் கேட்டிருக்கிறோம்! இருட்டில், ஆற்றங்கரையில், குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை நீர் குடிக்கும் ஓசை என்று எண்ணி அம்பை விட்டான். விழுந்தது, கண் தெரியாத பெற்றோருக்காக நீர் மொள்ள வந்த பிள்ளை. அவன் வித்தையில் குறைவில்லை, ஓசையை வைத்தே குறி தப்பாமல் அடித்தான். எதை அடிக்கிறோம் என்று பார்க்கத்தான் தவறினான். இன்று எந்தச் சுடுதளத்தில் சேர்ந்தாலும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: குறி இன்னதென்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் விரலை விசைக்குக் கொண்டுபோகாதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். பாயின்ட் டூ டூ குண்டு சின்னதுதான். ஆனால் திறந்த வெளியில் அது இரண்டு கிலோமீட்டர்கூடப் போகும். மயிலாப்பூர் கபாலி கோயில் குளக்கரையில் சுட்டால் கடலில் போய் விழக்கூடிய தூரம் அது. அதனால்தான் சுடுதளத்துக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடோ சுவரோ இல்லாமல் யாரும் ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை.

மானிடமிருந்து துப்பாக்கி எப்படி விலகி வந்தது என்பது இன்னும் சுவையான கதை. 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் 'ஓடும் மான்' என்றே ஒரு போட்டி இருந்தது. உயிருள்ள மான் கிடையாது. மான் வடிவில் ஒரு பலகை. சுமார் நூறு மீட்டர் தள்ளி, நாலு விநாடியில் அது திறந்த வெளியைக் கடந்து ஓடி மறையும். அதற்குள் சுட வேண்டும். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஸ்வானுக்கு அப்போது வயது 60. 1912-இல் மறுபடி தங்கம். 1920-இல் 72 வயதில் அணியோடு வெள்ளி. விளையாட்டுப் போட்டிகளில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் இன்றுவரை அவர்தான். பின்னாளில் பலகை மானின் இடத்துக்குப் பலகைப் பன்றி வந்தது. 1972 முதல் அதை 50 மீட்டரிலிருந்து பாயின்ட் டூ டூ ரைபிளால் சுட்டார்கள். பிறகு அதுவும் ஏர் ரைபிளுக்கு மாறி, 2004-க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்தே மறைந்தது. இன்று எஞ்சியிருப்பது காகித வட்டம். பத்து மீட்டர் ஏர் ரைபிளில் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 75 நிமிடத்தில் 60 முறை அந்தப் புள்ளியைத் தேட வேண்டும்.

நம் ஊர் மானின் கதைக்கு வருவோம். அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் போகும்போது கூடவே வருகிறதே ஒரு காடு, அது ஒரு காலத்தில் வேட்டைக்காடு. 1821-இல் அரசு அதைத் தனியாரிடமிருந்து வாங்கியது. 1910-இல் காப்புக்காடாக அறிவித்தபோது அதன் பரப்பு 505 ஹெக்டேர். ஐ.ஐ.டி.க்கும் நினைவிடங்களுக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்த சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் கிண்டி தேசியப் பூங்கா ஆனது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே இன்றும் மேய்கின்றன. ஐ.ஐ.டி. விடுதி வாசலில் மான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வகுப்புக்குப் போகிறார்கள் மாணவர்கள். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் அதன் பின்னர் வந்த திருத்தங்களுக்கும் பிறகு இந்தியாவில் மான் வேட்டை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கிண்டி மான்களுக்கு இன்றைய ஆபத்து வேறு: தெருநாய்கள், நாம் வீசும் பிளாஸ்டிக் பைகள். இறந்த மானின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. இந்த நகரத்தில் மானுக்குப் பாவம் செய்வதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை, அம்மா.

வேட்டைக்காரனின் பொறுமையை வேட்டை இல்லாமலே கைக்கொண்ட ஒருவர் மயிலாப்பூரிலேயே வாழ்ந்தார்: மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996-இல் மறையும் வரை தி ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றி எழுதி வந்தார். பல கேமராக்களின் பாகங்களைத் தானே ஒட்டவைத்து உருவாக்கிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்தார். காற்றின் திசை பார்ப்பது, அசையாமல் நிற்பது, மூச்சைக் கட்டுவது, தக்க கணம் வரும்வரை விரலை அடக்குவது எல்லாம் அவருக்கும் வேண்டியிருந்தன. அவர் கொண்டுவந்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

நம் வாசகியின் மகளுக்கு முன்னோடிகளும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் வெண்கலம் வென்ற ககன் நாரங் பிறந்தது சென்னையில். அவர் நிறுவிய பயிற்சி மையத்தில் வளர்ந்தவர்களில் ஒருவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கிய பிறகு, எழும்பூரில் ஒரு ரைபிள் கிளப் இருப்பது சினிமா ரசிகர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

சேர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 4.5 மில்லிமீட்டர் குண்டும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. பாயின்ட் டூ டூவுக்குக் கட்டாயம் தேவை. உரிமம் தேவையில்லை என்பதால் ஏர் ரைபிளை விளையாட்டுப் பொருளாக நினைத்துவிடக் கூடாது. மொட்டை மாடியில் வைத்துக் கிளியையும் குயிலையும் குறி பார்த்தால் அதுவும் குற்றம்தான். முதலில் கிளப்பில் சேருங்கள். சொந்தமாக ரைபிள் வாங்க அவசரம் வேண்டாம். முதல் சில வாரங்கள் குண்டே இல்லாமல் நிற்கவும் மூச்சு விடவும் பழக்குகிற பயிற்சியாளர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பாட்டியையும் ஒரு நாள் சுடுதளத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே பிள்ளைகள் எவ்வளவு அமைதியாக நிற்கிறார்கள் என்பதை அவரே பார்க்கட்டும்.

நம் வாசகர்களில் கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் நிறையப் பேர் என்பதை அறிவேன். குப்புறப் படுத்து, 25 மீட்டர் தள்ளியிருந்த அட்டையில் பாயின்ட் டூ டூவால், குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கிப் படும்படி, 'குரூப்பிங்' போட்ட அனுபவம் உங்களுக்கு இருக்கும். முதல் தோட்டாவின்போது என்ன நினைத்தீர்கள், உங்கள் உஸ்தாத் (பயிற்சியாளர்) என்ன சொல்லிக் கொடுத்தார், அது பின்னாளில் எதற்கு உதவியது என்று எழுதுங்கள். பெண்கள் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்த இதழில் இரண்டு பக்கங்கள் அதற்காகக் காத்திருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்